வீட்டுக்கு ஒரு பிள்ளை

இஸ்திரிப் பெட்டியை ஒரு பட்டுச்சேலையின் மேல் நிறுத்திவிட்டு, கலியாணசுந்தரம் டி.வி.யைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். திரையில் நான்கு பேர் எல்லைச் சண்டையைப் பற்றிக் கத்துகிறார்கள். "அடிச்சுத் தூக்காம இன்னா பேசிக்கினு இருக்கீங்க?" என்று இவரும் கத்துகிறார். சேலை புகைகிறது. போன மாதம் புகைந்தது என் மனைவியுடையது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில், சேலைக்குக் குஞ்சம் கட்டி இஸ்திரி போட்டுத் தரும் கடை அவருடையது. சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த ஊசி. சேலை ஆயிற்றா என்று கேட்டால் முதலில் நாட்டு நிலவரம்தான் வரும்.

"வூட்டுக்கு ஒரு புள்ள ரெண்டு வருசம் கட்டாயமா மிலிட்டரிக்குப் போவணும்னு சட்டம் போடணும்பா. அப்ப எவனும் சண்டைன்னா பயப்பட மாட்டான்."

"சட்டம் வந்தா உங்க பையன் சிவபாலனும் போவணுமே. அப்பவும் சண்டை வேணும்னு சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

"தாராளமா போவட்டும். எனக்குப் பெருமைதான்."

குஞ்சம் முடிந்துகொண்டிருந்த அவர் மனைவி அம்சவேணி தலை நிமிரவில்லை. "அவன் ஏனாத்தூர் காலேஜுக்கு பஸ்ல போய் எறங்கறதுக்குள்ள நாலு போன் போடறது யாருன்னு கேளுங்க."

அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். இந்த மனிதரிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். எல்லைக்குப் போகிற பிள்ளை அவருக்கு எப்போதும் வேறு யார் வீட்டுப் பிள்ளையோதான்.

எங்கள் தெரு முருகன் கோயில் திருவிழாவில் பல்லக்குத் தூக்க வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம் வரவேண்டும். இத்தனை வருடமும் அவரே தோள் கொடுத்தார். இந்த ஆண்டு முட்டிவலி. பிள்ளையை அனுப்பச் சொன்னார்கள். நாட்டுக்கே சட்டம் போடுகிறவர், விழாப் பொறுப்பாளர் வேலாயுதத்திடம் போய் மன்றாடினார்.

"புள்ளைக்குப் பரீச்சை இருக்குது. சின்னத் தோளு, தாங்காதுபா. கூலிக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாமே."

"எல்லா வூட்லேர்ந்தும் புள்ளைங்கதான் வருது" என்றார் வேலாயுதம்.

நேற்று மாலை பல்லக்கு எங்கள் வாசலுக்கு வந்தது. முன்தண்டைச் சுமந்து சிவபாலன். வியர்த்திருந்தாலும் சிரித்த முகம். பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு கலியாணசுந்தரம். மகனின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே தன் கையைக் கொடுத்திருந்தார்.

"கைய எடுப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"நீ ரோட்டப் பாத்துக்கினு நட."

என் மனைவி தேங்காய்த் தட்டை நீட்டினாள். தீபாராதனை முடிந்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் இன்னொரு கையால் மட்டும் போட்டுக்கொண்டார்.