சுண்ணாம்புத் தொட்டியில் ராணி

இன்று தாராவியில் நாடக ஒத்திகை பார்த்தேன். திரைக்கும் ஆர்மோனியத்துக்கும் பணம் கொடுத்தவன் நான்தான்.

பழைய இசை நாடகம்தான். ஆனால் நாட்டை இழந்த ராணி காட்டுக்குப் போகவில்லை. பம்பாய்க்கு ரயிலேறி, தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து பாடுகிறாள்.

ராணி வேஷம் செல்லம்மாவுக்கு. நிஜத்திலும் அவளுக்கு அப்படியொரு கூடத்தில்தான் வேலை.

அந்தக் கூடத்து முதலாளி நாளை முன்வரிசையில் இருப்பார். என் கடைக்குத் தோல் தருபவரும் அவரே.

"அந்தப் பாட்ட விட்டுரு தாயி, வேல போயிரும்" என்றேன்.

"ராணி அழுதா கைதட்டுவாவ. நாங்க அழுதா வெரட்டிருவாவளா அண்ணாச்சி?"

கூட நடிக்கும் பெண்கள் சிரித்தார்கள்.

பாடத்தான் போகிறாள். முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. பாட்டு முடிந்ததும் நான் கைதட்டுவதா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.