இரண்டு வாசல் கராச்

எங்கே போனாலும் வாகனத்தை றோட்டைப் பார்த்தபடி நிறுத்தச் சொல்வது என் பழக்கம். கலியாண வீடோ, கடையோ, மகனுக்கு ஊசி போடும் நாளோ, அதன் முகம் வெளியே பார்க்க வேண்டும். கணவர் சிரிப்பார். திருப்பி நிறுத்துகிற நேரத்துக்குள் வந்த வேலையையே முடித்துவிடலாம் என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் பிள்ளை மடியில் இருக்கும்போது, அவசரமென்றால் எந்தப் பக்கத்தால் வெளியேறுவது என்ற யோசனை எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் என்று பலநாள் நினைத்திருந்தேன். அம்மாவிடமிருந்துதான் வந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. போரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் தையல் மெஷினும் நெல்மூட்டையும் கொண்டுவர, அப்பா காரைக் கொண்டுவந்தார். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் காரை ஏற்றிக் கடலேரியைக் கடந்தார்களாம். ஏற்றும்போதோ இறக்கும்போதோ கியர்பெட்டிக்குள் ஏதோ உடைந்து, கார் முன்னுக்கு மட்டும் போகும், பின்னுக்கு வராது என்றாகிவிட்டது.

"விட்டுட்டு வந்த ஊருக்குத் திரும்பிப் போகேலாது எண்டு அதுக்கும் விளங்கிட்டுது, அத்தான்" என்பார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார்.

அப்பாவும் மாமாவும் கார்ப் பைத்தியங்கள். பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. ஒரு போத்தலில் மருந்தைப் போலக் கொஞ்சம் வைத்திருப்பார்கள். அதில் சில சொட்டு விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஓடுவதைவிடப் புகைப்பதுதான் அதிகம். இருந்தாலும் பின்னேரமானால் இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஓடாத நாட்களில் அது எப்படியெல்லாம் ஓடும் என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

வன்னியில், விசுவமடுவில் பெரியப்பாவுக்குக் கிடைத்த குடியேற்றக் காணியில் எங்களுக்கு ஒரு துண்டு தந்திருந்தார். வந்தவுடன் நாங்கள் செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான். கிணறு பிறகு. யாழ்ப்பாணத்து ஆட்கள் அல்லவா? நெருக்கமாகக் கதியால் தடிகளை நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு வைத்து, உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி கட்டினோம். பின்பக்கத்து வளவில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு வெகுகாலம் முன்பே காடு வெட்டிக் குடியிருந்தது. அவர்களுக்கு வேலியே இல்லை. நாலு தடி நட்டிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வயல் வேலைக்குத் தூரம் போய்விடுவார். அந்த வீட்டு அக்கா தனியாகக் கச்சான் கடலை போட்டுக்கொண்டு, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டு திரிவார். எங்களுக்கும் அவர்களுக்கும் சண்டை எதுவும் இல்லை. போக்குவரத்தும் இல்லை.

அந்த வருடம் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முந்திய பிள்ளை, எனக்குத் தங்கையாக இருந்திருக்க வேண்டியவள், நாங்கள் வன்னிக்கு வந்த புதிதில், உழவு மெஷின் இழுக்கும் பெட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிறந்து வழியிலேயே போய்விட்டாள். அதை வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அப்பா கதைக்காமல் காருக்கு ஒரு கராச் கட்டத் தொடங்கினார்.

பிள்ளை மாரிக்குள் வரும். மாரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நம்பி ஏறக்கூடிய வாகனம் வேண்டும். காரை நம்ப வேண்டுமென்றால் அது நனையாத இடமும், அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழியும், சாமான் வைக்க ஒரு மேசையும் வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக அப்பாவின் திட்டம் வளர்ந்தது. அவர் தும்புக் கயிற்றால் காரை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்து, சட்டை தைக்க அளவெடுப்பது போலக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றை முற்றத்தில் விரித்துத் தடியால் கோடு கீறினார். சீமெந்து இல்லாததால் புற்றுமண்ணை நனைத்து அடித்து நிலம் போட்டார்கள். தகரம் வெயிலில் மின்னும், மேலே குண்டோடு பறக்கிறவனுக்குக் கண்ணாடி காட்டின மாதிரி இருக்கும் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டதால் கூரைக்குக் கிடுகு. குழி வெட்டும்போது போவோர் வருவோரெல்லாம் பங்கரோ என்று கேட்டார்கள். "இல்லை, காருக்கு" என்று மாமா சொல்ல, கேட்டவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாமா ஒரு பலகையைச் சுவரில் அடித்து, ஒவ்வொரு ஸ்பனரையும் வைத்துக் கரியால் சுற்றிக் கீறினார், எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் மாட்டுவதற்காம். கையிலிருந்த ஸ்பனர்கள் கொஞ்சம். பலகையில் கீறியவை நிறைய. இல்லாதவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்.

எல்லாம் கீறி முடித்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. கார் எங்கள் வளவுக்குள் வருவது முன்பக்கத்து வாய்க்கால் கட்டால். உள்ளே கிணறும் தென்னங்கன்றுகளும் இருந்ததால் திருப்ப இடமில்லை. உள்ளே வந்த காரைப் பின்னால் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். கோடையில் மாமாவும் அப்பாவும் இன்னொருவரும் தள்ளினால் போகும். மாரிச் சேற்றில் தள்ளவே முடியாது. கியர்பெட்டியைக் கழற்றினால் அந்த உடைந்த பற்சில்லுக்கு மாற்று எப்போது கிடைக்குமென்று யாருக்கும் தெரியாது. கழற்றின நேரம் பிள்ளை வந்துவிட்டால்?

அப்பா இரண்டு நாள் கயிற்றோடு வளவைச் சுற்றி நடந்தார். பிறகு கராச்சின் பின்சுவர் வர வேண்டிய இடத்தில் நின்று, வேலியைக் காட்டினார். இதாலை உள்ளிட்டு அதாலை வெளிக்கிட்டால், பின்வளவுக்கூடாகப் பெரிய றோட்டு. பின்னுக்குப் போகத் தேவையே இல்லை.

"அப்ப இது கராச் இல்லை, அத்தான். பாலம்" என்றார் மாமா.

ஆனால் அதற்கு வேலியை வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் அந்த அக்காவிடம் கேட்க வேண்டும். காரின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த அப்பாவுக்கு அது மட்டும் வரவில்லை. கயிற்றை எடுத்து வேலியை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இஞ்சாருங்கோ, அளந்தது காணும்" என்றார் அம்மா. "கேட்டால் என்ன குறைஞ்சிடுவமோ?"

"நீரே கேளும். பொம்பிளையள் கதைச்சால் நல்லது."

அம்மா குழியிலிருந்து அள்ளிக் குவித்த மண்மேட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். வேலிக்கு மேலால் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வகுப்பில் பாடம் சொல்வது போலத்தான் சொன்னார். அம்மா பள்ளிக்கூடத்து ரீச்சர்.

"காரு என்ன டீச்சரம்மா, யானையே வந்து போவுது எங்க தோட்டத்துக்குள்ள" என்று அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. "அது யாரைக் கேட்டுச்சு? நீங்க ஓட்டிட்டுப் போங்க."

அப்பா அன்றைக்கே வேலியில் காரின் அகலத்துக்கு வெட்டி, கழற்றி மாட்டக்கூடிய ஒரு தட்டியை வைத்தார். கராச் இரண்டு வாசலோடு நிமிர்ந்தது.

மாரி தொடங்கியதும் அக்கா கச்சான் போட்டார். எங்கள் தட்டியிலிருந்து பெரிய றோட்டு வரைக்கும் காரின் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வெறும் நிலமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பச்சை. விதை போதாமல் போய்விட்டது என்று நினைத்து, பாவம் என்று மாமாவிடம் சொன்னேன்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை. நல்ல மழை என்றுதான் எனக்கு நினைவு. வெறும் தூறல்தான் என்பார் அம்மா. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். அப்பா முகத்தைப் பார்த்தவுடன் கராச்சுக்கு ஓடினார். மாமா போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட, அப்பா முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். கார் இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது. அம்மா பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்பா சுழற்றிக்கொண்டே இருந்தார். கை வழுக்கி முழங்கை அடிபட்டு இரத்தம் வந்தது. அதையும் பார்க்காமல் சுழற்றினார். பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்.

தட்டி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து கழற்றிவிட்டார். முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால், அந்த வெறும் பட்டையில், கால் வைத்து நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். "இங்கிட்டு வாங்க. அந்தப் பக்கம் இல்ல, புதைஞ்சிரும். இங்கிட்டு, இங்கிட்டு." கார் அவர் பின்னால் கன்றுக்குட்டி போல ஊர்ந்தது. றோட்டில் ஏறியதும் அம்மா கையை வெளியே நீட்டி அக்காவின் கையைப் பிடித்தார், விடவில்லை. அக்கா சேற்றுக் காலோடு ஏறிக்கொண்டார். புகை மறையும்வரை நானும் மாமாவும் மழையில் நின்றோம்.

தம்பி ஆஸ்பத்திரியில், கட்டிலில், ஒழுங்காகப் பிறந்தான்.

மழை விட்ட பிறகு அப்பாவும் மாமாவும் கியர்பெட்டியை இறக்கினார்கள். குழிக்குள்ளிருந்து இரண்டு தலைகள் மாறி மாறிச் சண்டை பிடிக்கும் சத்தம் பல வாரம் கேட்டது. கடைசியில் புதுக்குடியிருப்பில் ஒரு கடைக்குப் பின்னால் கிடந்த பழைய காரிலிருந்து ஒரு பற்சில்லு கிடைத்தது. அரத்தால் அராவிப் பொருத்தினார்கள். கார் திரும்பவும் பின்னுக்கு வந்த நாளில் மாமா துள்ளினார். அப்பா தேவையே இல்லாமல் வாய்க்கால் கட்டு வரைக்கும் பின்னால் ஓட்டிப் போய், திரும்ப முன்னால் வந்து, மறுபடியும் பின்னால் போனார். அவ்வளவு மண்ணெண்ணெய் வீணாவதைப் பார்த்துக்கொண்டும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பின்வாசலுக்கு இனித் தேவையில்லை. மாமா அதை மறித்து ஒரு நீள மேசை போட்டார். ஆடு வருகிறதென்று அப்பா வேலித் தட்டியை எடுத்துவிட்டுப் புதுக் கதியால் நட்டுக் கிடுகு வைத்து அடைத்தார். முந்தியதைவிட நெருக்கமாக, நேர்த்தியாக வந்திருந்தது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம், கைக்குழந்தையான தம்பி, அவனுடைய இருமல். எனக்குப் புலமைப்பரிசில் படிப்பு.

அடுத்த மாரியும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பெரிய றோட்டால் வந்தபோது பார்த்தேன். கச்சான் முளைத்திருந்தது. நடுவில் அதே பட்டை அப்படியே வெறுமையாகக் கிடந்தது. அக்கா களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா இதை மட்டும் விட்டிருக்கிறியள்?"

"காரு வருமில்ல, பாப்பா."

"இப்ப கார் பின்னாலயும் போகும். வேலியும் அடைச்சாச்சே."

"அடைச்சது தெரியும். டீச்சரம்மா ஒண்ணும் சொல்லலியே." அவர் நிமிராமலே சொன்னார். "தம்பி ராவுல அப்பிடி இருமுது. அவசரம்னா வேலி என்ன, பிச்சிப் போட்டுட்டு வந்துரலாம். நெலத்துல செடி நின்னா உங்கப்பா யோசிப்பாரு."

எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்படியே அவரைப்போலப் பேசிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. துருவலைக் கையிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார். தம்பியை என் மடியில் வைத்தார். முகம் கழுவி, வீட்டுச் சட்டையை மாற்றி, பள்ளிக்கூடத்துக்கு உடுக்கும் சேலையை உடுத்திக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

அக்கா வீட்டுக்கு, முன்படலையைத் திறந்து இறங்கி, வாய்க்கால் கட்டு நெடுக நடந்து, சந்தி தாண்டி, பெரிய றோட்டால் சுற்றிப் போக வேண்டும். வெயில் சுள்ளென்று எரித்தது. தம்பி என் மடியை நனைத்துவிட்டுச் சிணுங்கினான். எனக்குப் பசித்தது. அம்மா வரக் காணோம். மாமா வந்து அம்மா எங்கே என்று கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

அந்த மண்மேடு இன்னும் வேலியோரமாகத்தான் இருந்தது. அதில் ஏறி நின்று ஒருக்காக் கூப்பிட்டு, இனிக் கச்சான் போடலாம் என்று சொன்னால் முடிகிற விஷயம். அதற்கு எதற்குச் சேலை, எதற்குக் குடை, எதற்கு அவ்வளவு தூரம் சுற்றி நடக்க வேண்டும் என்று, நனைந்த சட்டையோடு, தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் அன்றைக்கு வெகுநேரம் கோபத்தோடு யோசித்தேன்.