தங்கை சொன்ன பறவைப் பெயர்கள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தி தன் நான்கு வயது மகளுடன் பர்மாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்தப்பா வரவில்லை. அவர் அந்த ஊர்க்காரர். ஏன் வரவில்லை என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். சித்தி பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தங்கைக்கு மலாய் மட்டுமே தெரியும். எனக்குப் பர்மியமும், வீட்டுக்குள் செல்லுபடியாகிற அளவு தமிழும். அதனால் பேச்சை விட்டுவிட்டு, சூலே பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் பக்கத்தில் நான்காம் மாடியில் இருந்த எங்கள் பால்கனியில் நின்று பறவைகளைப் பார்த்தோம். கம்பியில் காகம் வந்து உட்கார்ந்தால் "ககாக்" என்பாள். புறா என்றால் "மெர்பாத்தி". எங்கிருந்தோ புள்ளிப்புறா கூவினால், அதனுடன் சேர்ந்து "தெகுகுர்" என்று மெதுவாகச் சொல்வாள். பறவை சொன்னது எது, அவள் சொன்னது எது என்று பிரிக்க முடியாது. பறவைகள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல, மனிதர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்லும் மொழிதான் மலாய் என்று முடிவுசெய்துகொண்டேன். அந்த மதியங்களில் தெருவின் பஸ் இரைச்சல்கூடத் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருக்கும்.

ஒருநாள் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "கக்கா" என்றாள்.

பள்ளியில் என் நிறத்தைப் பார்த்துப் பர்மியத்தில் காகம் என்றுதான் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அம்மா, இவளும் என்னைக் காக்காங்கிறா!" என்று அழுதேன்.

"சின்னப் புள்ள, விடுடி" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

விழித்தபோது தங்கையைக் காணவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. சித்தி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள், பின்னாலேயே அம்மாவும். நான் பால்கனிக்கு ஓடினேன். கீழே பஸ்களும் குடைகளும். மேலே, கூடு திரும்பும் காகங்கள் வானத்தை மூடிக்கொண்டு கத்தின. அந்தக் கத்தலுக்குள் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "கக்கா! கக்கா!"

புறாக்களின் பின்னால் போய், டீக்கடையின் குட்டை நாற்காலிகளுக்கு நடுவே நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி! டீக்கடை! டீக்கடை!"

மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த சித்தி என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். "அங்க அக்காவத்தான் கக்கான்னு கூப்புடுவாங்க. நீ அவளுக்கு அக்காடி." பிறகு, வந்த நாளிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள். "கொண்டை வச்ச வெள்ளக்கிளி ஒண்ணு இருக்கு, பேரு கக்காத்துவா. கிழட்டு அக்கான்னு அர்த்தமாம். நெசமோ வெளையாட்டோ, இவ அப்பா சொல்வாரு." அப்பா என்ற சொல்லோடு சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் நான் துண்டைத் தலையில் கொண்டையாகக் கட்டிக்கொண்டு, கிழட்டு அக்காவாக வீடு முழுக்க நடந்தேன்.

அதன் பிறகு, சாயங்காலங்களில் அவள் வேறொரு பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். "கப்பால்." எனக்குத் தெரிந்த சொல்! கட்டடங்களின் இடுக்கில் கைக்குட்டையளவு தெரிந்த ஆற்றைக் காட்டி, "ஆமா, கப்பல்" என்பேன். அவள் தலையாட்டி மறுப்பாள். "கப்பால் தெர்பாங்."

பறக்கும் கப்பல் என்றால் அவர்கள் மொழியில் விமானம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா வரவேண்டிய வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.