அவள் அழித்த குங்குமம்

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாயிரத்துகளின் தொடக்கம். பெங்களூர் மர்பி டவுனில் வாடகை வீடு. என்னிடம் நான்கு கிரெடிட் கார்டுகள். ஒன்றில் பணம் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டிக் கட்டி, கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தேன். போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு காலை, கார்டு பாக்கி வசூலுக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு என்ன பேய் பிடித்ததோ, "அண்ணன் போன வாரம் தவறிட்டாரு சார். நான் தம்பி" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டே, "அவரு சம்சாரம் எங்க இருக்காங்கப்பா?" என்றார்.

நான் திணறும்போதே சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நெற்றியில் குங்குமம் இல்லை. அவசரமாக அழித்ததில் புருவம்வரை சிவப்பாக இழுபட்டிருந்தது.

"நான்தான் சார்" என்றாள்.

"ஐயோ, நான்தான் சார் அந்த ஆளு. உயிரோடதான் இருக்கேன்" என்று கதறிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அக்கா, மொதல்ல உள்ள போய் பொட்டு வெச்சுக்குங்க" என்றார். பிறகு என்னிடம், "நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. தவணை போட்டுத் தரச் சொல்றேன்" என்றார்.

கடன் அடைய நான்கு வருடங்கள் ஆயின. அவள் அந்தக் காலையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது, நான் இன்னும் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.