மைக்கில் வாசிக்கப்பட்ட என் மகளின் பெயர்

ஜூலை இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பது. சீருடையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே என் மகள், "எம்மா, வயிறு வலிக்கி. இன்னிக்குப் போவலம்மா" என்றாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பிள்ளை. என் டைரியில் "வயிற்றுவலி, விடுப்பு" என்று மட்டும் எழுதினேன்.

மறுநாளும் அதே ஏழு நாற்பதுக்கு வலி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சனி, ஞாயிறு வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் வந்தது.

நான் சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எதையும் அளந்து, எழுதி, சரிபார்த்துப் பழகியவள். ஆகவே மூன்று முறை நானே ஊசி குத்தி அவளுக்கு ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் 12.6. தைராய்டு சரி. சர்க்கரை சரி. ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்து, "எல்லாம் நார்மல். உனக்கு ஒண்ணும் இல்லட்டி, எந்திச்சுக் கெளம்பு" என்றேன்.

அவள் அந்தத் தாளை நிதானமாகப் படித்தாள். "நான் நடிக்கேன்னு இதுல எங்கன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

பிறகு அவள் தலை பின்னுவதை விட்டாள். தட்டில் வைத்த தோசை அப்படியே காய்ந்தது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் கணவர் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். அவள் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். என் பிள்ளையை நான் இழந்துகொண்டிருக்கிறேன், எதனால் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் என்னைப் பிடித்திருந்த பயம் இதுதான்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் வாசல் பக்கம் ஜெபக் குறிப்புப் பெட்டி உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அதைத் திறந்து, உபதேசியார் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார், சபை ஜெபிக்கும். வழக்கமாக எல்லோரும் சீட்டின் தலையில் "பெயர் வேண்டாம்" என்று எழுதிவிட்டு, "ஒரு சகோதரியின் மகனுக்காக" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. எங்கள் நிலையத்தில் பெயர் ஒட்டாத ரத்தக் குழாய் வந்தால் பரிசோதிக்காமலே குப்பையில் போட்டுவிடுவோம். ஆண்டவரிடம் கேட்பதற்கு என்ன வெட்கம் என்று நினைத்தேன். ஆகவே முழு விவரமும் எழுதினேன். பெயர், வயது, வகுப்பு, பிரிவு. ஆடித்தபசு விடுமுறையைக் கழித்துப் பதினான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அழுகிறாள், சாப்பிடுவதில்லை, குளிக்கச் சொன்னாலும் எழுந்திருப்பதில்லை. எதையும் விடவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு உபதேசியார் அதை எழுதியபடியே வாசித்தார். அவர்மேல் பிழை இல்லை. "குளிக்கச் சொன்னாலும் எழுந்திருப்பதில்லை" என்ற இடத்தில், நான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்த என் மகள் என் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போனாள். முன்வரிசையில் அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நற்கருணை எடுக்காமல் நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டில் அவள் அழவில்லை. நின்றபடியே சொன்னாள். "ஸ்கூல்ல ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் அசெம்பிளில மார்க்க மைக்குல வாசிப்பாங்க. அந்த வரிசைப்படிதான் பெஞ்சு. நான் கடைசி பெஞ்சு. 'பத்தாம் வகுப்புல ஃபர்ஸ்ட் வந்தது இந்தப் பிள்ளைதானா'ன்னு எல்லாரும் கேக்க வாசிச்சாங்க. இன்னிக்கு நீயும் வாசிக்க வச்சிட்ட. எனக்குப் போறதுக்கு இனி எடமே இல்லம்மா. நான் இல்லன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதிதான?"

அந்தக் கடைசி வாக்கியத்தை டைரியில் எழுத என் கை வரவில்லை. அன்றிலிருந்து அவளைத் தனியாக விடாமல் நானும் என் கணவரும் மாற்றி மாற்றி வீட்டில் இருந்தோம்.

அந்த வாரம் ஆலோசனைகள் வீடு தேடி வந்தன. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவியை எல்லோரும் அக்கா என்போம். அவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.

"பிள்ளைய ஏதோ ஆவி பிடிச்சிருக்கு, பாத்துக்கோ. பனவடலிசத்திரத்துக்கு ஒரு ஐயா வந்து விடுதலை ஜெபம் பண்ணுதாரு. மூணு நாள் உபவாசம் போட்டுக் கூட்டிட்டுப் போ. டாக்டர் கீக்டர்னு அலையாத, அது அவிசுவாசம்."

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. "அக்கா, மாசாமாசம் சுகருக்கு எங்கிட்ட ரத்தம் குடுக்கிய. மாத்திர முழுங்குதிய. அப்போ ஒங்க விசுவாசம் எங்க போவுது?" என்றேன்.

அக்கா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். (இதை அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா சுகர் அளவ எழுதிராதட்டி" என்றார்கள்.)

புதன்கிழமை காலை ஆறு மணி. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ஆட்கள் வருவதற்கு முன் நிலையத்தில் நான் மட்டும் இருந்தேன். முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, இன்னிக்கு நான் உம்மோட சண்டை போட வந்திருக்கேன். எம்பிள்ளைக்குப் பிசாசு இல்ல. அவ சோம்பேறி இல்ல. அவ பேர ஊர் முன்னால போட்டது நான். தப்பு என்னுது, தண்டன அவளுக்கா? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு வழி காட்டும். காட்டாம நான் விடமாட்டேன்." அப்படி ஜெபிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் ஜெபித்தேன்.

அன்று மாலை ஐந்து பத்துக்குச் சீருடையோடு ஒரு பெண் பிள்ளை வாசலில் நின்றாள். முன்பின் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் என் மகளுக்குப் பக்கத்து இடமாம். அவள் அம்மா விசைத்தறியில் வேலை பார்க்கிறாள். எங்கள் சபைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

"ஆன்ட்டி, சர்ச்சுல வாசிச்சதப் பத்தி கிளாஸ் பூரா பேசுதாங்க. எனக்கும் காலையில அப்படித்தான் வயித்தக் கலக்கும். வீட்டுல சொன்னதில்ல. நான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேன். அவகிட்டக் கொஞ்சம் பேசலாமா?"

நான் சபித்துக்கொண்டிருந்த அதே ஊர்ப்பேச்சுதான் அந்தப் பிள்ளையை என் வாசலுக்கு அனுப்பியிருந்தது. ஒரு மணி நேரம் அறைக்குள் பேசினார்கள். நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகளுடையது. நாற்காலியில் இருந்த என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போகும்போது அந்தப் பிள்ளை, "எங்க அண்ணனுக்கு இப்படி இருக்கையில தென்காசி பெரியாஸ்பத்திரியில மனசுக்குன்னு இருக்கிற டாக்டரத்தான் பாத்தோம். இப்ப நல்லாருக்கான்" என்றாள். நாங்கள் இத்தனை நாள் தேடிய வழியைச் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "ஒங்கிட்டக் கேக்காம ஒம்பேர எழுதினது தப்புட்டி. ரிப்போர்ட்ட நம்பினேன், ஒன்ன நம்பல. மன்னிச்சிரு" என்றேன். அவள் அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தென்காசிக்குப் போனோம். இளம்வயது டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் நாற்பது நிமிடம் பேசினார்கள். பிறகு என்னை அழைத்து, "ஒங்க டெஸ்ட்ல தெரியாததும் நோய்தாம்மா. இது பதற்றம். அந்த வலி நெசமான வலி" என்றார்கள். ஒரு சிறிய மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பேச்சு. பள்ளிக்கு உடனே முழு நாளும் வேண்டாம், முதலில் இரண்டு பீரியட் போகட்டும் என்றார்கள்.

பள்ளியில் வேறு தீர்மானம் காத்திருந்தது. தலைமையாசிரியை டிசி படிவத்தை மேசையில் தயாராக வைத்திருந்தார். "வீட்டுல வச்சே படிக்க வச்சு, பிரைவேட்டா பரீட்சை எழுத வைங்க. எங்க ரிசல்ட்டும் பாதிக்கக் கூடாதுல்ல?"

"டிசி வாங்க வரல மேடம். எம்பிள்ளை திங்கக்கெழமை வருவா. ரெண்டு பீரியட் இருப்பா. நான் கேட்டுல நிப்பேன். மார்க்க அவ கையில குடுங்க, மைக்குல வாசிக்காதீங்க."

"ஒருத்திக்காக ஸ்கூல் வழக்கத்த மாத்த முடியுமா?"

"ஒருத்தி இல்ல" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வீடு தேடி வந்த அந்தப் பிள்ளையின் அம்மா, மகள் எல்லாம் சொல்லிவிட, தறியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் பஞ்சுத் தூசி. "எம்மவளும் உண்டு. இன்னும் ரெண்டு வீட்டுல கேட்டுட்டுத்தான் வாரேன். அவங்களும் வருவாங்க."

அந்தப் படிவத்தை நான் கையால் தொடவில்லை.

அடுத்த தேர்விலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கு மார்க்கைக் கையில் கொடுக்கிறார்கள். மற்ற வகுப்புகளுக்கு இன்னும் வாசிக்கிறார்கள். அதற்காக மறுபடியும் போவோம். பெஞ்சு வரிசைக்காகவும் போவோம்.

என் மகள் இரண்டு பீரியடில் தொடங்கினாள். செப்டம்பர் கடைசியில் முழு நாளும் இருந்தாள். ஏழு நாற்பது வலி இன்னும் சில நாள் வருகிறது. வந்தால், "வலிக்கி" என்கிறாள். "சரி, வலிக்கட்டும், நான் பக்கத்துல இருக்கேன்" என்கிறேன். சில நாள் போகிறாள், சில நாள் போவதில்லை. அரையாண்டுத் தேர்வு முழுவதும் எழுதினாள். எத்தனையாவது வந்தாள் என்று கேட்காதீர்கள். என் டைரியில் ரேங்க் எழுதும் கட்டத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அவள் சாப்பிட்டதையும் சிரித்ததையும் எழுதுகிறேன்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். என் கோபத்துக்காக என்னைத் தள்ளவில்லை. எங்கள் சபைக்கு வராத ஒரு பிள்ளையையும் ஒரு தறிக்காரத் தாயையும் ஒரு டாக்டரையும் கொண்டு பதில் சொன்னார். அதை அற்புதம் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

உங்கள் வீட்டிலும் காலையில் எழுந்திருக்க முடியாத ஒரு பிள்ளை இருக்கலாம். பிசாசு என்பார்கள், சோம்பல் என்பார்கள், டிசி என்பார்கள். இடம் கொடுக்காதீர்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆண்டவரிடம் அழுங்கள், சண்டையும் போடுங்கள், அவர் தாங்குவார்.

இந்தச் சாட்சியை என் மகள் முதலில் படித்தாள். சிவப்புப் பேனாவால் மூன்று வரிகளை அடித்தாள். அந்த மூன்றும் இதில் இல்லை. மீதியைப் போடலாம் என்றாள். அவள் பெயரை நான் எழுதவில்லை.

சென்ற மாதம் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். "ஒரு பிள்ளைக்காக" என்று மட்டும் எழுதினேன். பெயர் ஒட்டாத குழாயை நாங்கள்தான் குப்பையில் போடுவோம். ஆண்டவர் போடுவதில்லை.