பந்தைத் தொடாத ஆட்டம்

என் மனுசனைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் அவருடைய முழங்காலைப் பற்றித்தான் சொல்லுவேன். சில்வெஸ்டர் என்றால் ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழருக்குச் சட்டென்று ஆள் பிடிபடாது. ‘ஒன்பதாம் நம்பர்’ என்றால் உடனே தெரியும். மன்னாரிலிருந்து வந்த பொடியன்களைக் கூட்டி ‘கடற்சுடர்’ என்ற உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். கிழமை முழுக்கக் கம்பித் தொழிற்சாலை, ஞாயிறு பூசை முடிந்தால் மைதானம். கலியாணம் கட்டி நான் ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிறே, தை மாதக் குளிரில் என்னை மைதானத்துக் கரையில் நிறுத்திவிட்டு விளையாடப் போன மகராசன்.

தொண்ணூற்றாறில் அந்த முழங்கால் வீங்கத் தொடங்கியது. அந்த ஆவணியில் நடந்த தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் காலடிக்கு வந்த பந்தைக்கூட அவரால் எட்ட முடியவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். ஏன் தோற்றோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழகத்தைத் தொடங்கிய மனிதரிடம், “அண்ணை, நீங்கள் இனி இருங்கோ” என்று சொல்ல யாருக்கு நா எழும்? அவருடைய இடத்தில் ஆட வேண்டியவன் என் தம்பி றொனால்ட். அவனோ மூன்று வருடமாக ஓரத்தில் குந்திக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் காவினான். அடுத்த வருடமும் இதே கதை என்றால் பொடியன்கள் வேறு கழகங்களுக்குப் போய்விடுவார்கள் என்று என் காதில் விழுந்தது. அப்படி நடந்தால் இவர் உடைந்துபோவார். அதுதான் எனக்குப் பயம்.

றொனால்ட் எங்கள் வீட்டில்தான் இருந்தான். கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி ஹோலில் வைத்திருந்தான். அதில் இரண்டு உதைபந்தாட்டங்கள். ஒன்று, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆட்களை ஓடவிட்டுக் கோல் அடிப்பது. அதென்றால் இவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மற்றது, பயிற்சியாளராக இருந்து யார் ஆடுவது, யார் இருப்பது, யாருக்கு என்ன பயிற்சி என்று தீர்மானிக்கிற விளையாட்டு. ஆட்டம் தொடங்கினால் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். திரையில் எழுத்து மட்டும் ஓடும்.

“இது விளையாட்டோ, கந்தோரில மேசைக்கு முன்னால குந்திற வேலையோ?” என்று இவர் நக்கலடிப்பார். “பந்தைத் தொடாமல் என்னடா பந்தாட்டம்? விசர்ப் பொடியா!”

“ஒருக்கா விளையாடிப் பாருங்கோ அத்தான்.”

“எனக்குக் கால் கிடக்கு. நீ குந்தியிருந்து பார்.”

அந்தச் சொல் றொனால்டைச் சுட்டிருக்கும்.

ஐப்பசியில் டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு ஆறு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார். மாதாவே, அந்த மனுசனை வீட்டில் வைத்திருப்பது! கோல் போகவில்லை என்ற கோபத்தில் ஜாய்ஸ்டிக்கை முறித்துப்போட்டார். “இனி என்ன செய்யப் போறீங்கள்? வாங்கோ, வந்து வெங்காயம் உரியுங்கோ” என்றேன். வெங்காயத்துக்குப் பயந்தோ என்னவோ, அன்று பின்னேரம் அந்தக் கந்தோர் வேலையில் போய் உட்கார்ந்தார்.

முதலில் ஒரே திட்டு. பிறகு திட்டுக் குறைந்தது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நான் வர, தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். மனிதர் திரைக்கு முன்னால் நாடியைத் தடவிக்கொண்டு இருப்பார். “இடது பக்கம் ஓட்டை, லவினியா. கோலெல்லாம் அதாலதான் வருது” என்பார். ஒருநாள் களைத்த ஆட்டக்காரனை இருத்திவிட்டு வேறொருவனை இறக்கினாராம், அவன் கடைசி நிமிடத்தில் கோல் போட்டானாம். திரையில் வந்தது ஒரேயொரு வரி. அந்த வரிக்கு அவர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஜெர்மன்காரி கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து இடித்தாள்.

ஆட்டக்காரரின் பெயரை மாற்றுகிற வழியை றொனால்ட் காட்டிக்கொடுத்தான். உடனே ஒரு சின்ன ஜெர்மன் கழகம் கடற்சுடர் ஆனது. எங்கள் பொடியன்கள் எல்லோரையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். கடைசியில், ஒன்பதாம் நம்பர் சில்வெஸ்டர். வயது கேட்டது. முப்பத்தைந்து என்று அடித்தார். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த நான் ஒரு செருமல் செருமினேன். திரும்பிப் பாராமலே அழித்துவிட்டு முப்பத்தொன்பது என்று போட்டார்.

முழங்கால் கொஞ்சம் ஆறி வேலைக்குப் போன பிறகும் அந்த விளையாட்டை அவர் விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இரண்டு வருடம் ஓடியது. உள்ளே இருந்த சில்வெஸ்டரின் பலம் இறங்கிக்கொண்டே வந்தது. இவரோ அவனை இருத்துவதாயில்லை. அங்கேயும் றொனால்ட் ஓரத்தில்தான். சித்திரையில் ஒருநாள் திரையில் ஒரு வரி வந்தது: ஆட்டக்காரர் சில்வெஸ்டர் வயது காரணமாக ஓய்வு பெறுகிறார்.

“என்னைக் கேக்காமலோ?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டது. எழும்பிப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள், நல்ல மழை, தானாகவே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். ஒன்பதாம் நம்பரில் றொனால்டை ஏற்றினார். தான் இல்லாத அணியை அவர் ஆட்டுவித்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. விசிலடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து வெங்காயமும் உரித்துத் தந்தார். அந்த ஞாயிறு பயிற்சியில் அவர் ஓடவில்லை. கரையில் என் பக்கத்தில் நின்று றொனால்டையே பார்த்தார்.

“இவன் இடது காலாலும் அடிக்கிறான்!”

“அவன் எப்பவும் அடிக்கிறவன்தான். நீங்கள்தான் பாக்கேல்லை” என்றேன்.

ஆவணியில் டோட்முண்டில் சுற்றுப்போட்டி. காலையில் அவர் பந்தடிக்கப் போடுகிற தன்னுடைய சப்பாத்தைப் பையில் வைத்ததைக் கண்டேன். இன்றைக்கும் இறங்கப் போகிறாரோ? மைதானத்தில் பொடியன்களைச் சுற்றி நிறுத்தி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். “ஒன்பது…” என்று நிறுத்தினார். எல்லோரும் புல்லைப் பார்த்தார்கள்.

“றொனால்ட்.”

“அத்தான்…”

“என்னடா பாக்கிறாய்? உடுப்பைக் கெதியாப் போடு.”

அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அந்த ஆட்டத்தின் இடைவேளையில் லூக்காஸ் என்ற பொடியனை இடது பக்கம் மாற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் ஒரு பந்தும் உள்ளே வரவில்லை. மூன்றுக்குப் பூச்சியம் என்று நாங்கள் முன்னுக்கு நிற்க, றொனால்ட் வியர்க்க வியர்க்க ஓடிவந்தான்.

“அத்தான், இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு. நான் வெளியில வாறன், நீங்கள் போங்கோ. சனம் கேக்குது.”

கரையில் நின்ற சனம் ‘ஒன்பது, ஒன்பது’ என்று கைதட்டியது. அவர் குனிந்து பையின் மேல் கையை வைத்தார். சப்பாத்து உள்ளே கிடக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை அவர் எடுத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நானே கைதட்டியிருப்பேன். அவர் நிமிர்ந்தார்.

“லூக்காஸுக்குக் கால் பிடிக்குது. அவனை எடு. யாகோப்பு போகட்டும், அவன் இன்னும் ஒரு ஆட்டமும் ஆடேல்லை.”

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஒருவரும் கழகத்தை விட்டுப் போகவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் பொடியன்கள் இரண்டாம் பரிசுக் கோப்பையை வைத்துக்கொண்டு ஒரே கும்மாளம். இவர் என் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“ஒரு பந்தும் அடிக்கேல்லை. எண்டாலும் கால் நோகுதடி.”

“அடிக்காமலோ? ஒவ்வொரு பந்துக்கும் நிண்ட இடத்திலயே காலைத் தூக்கினீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த முழங்காலின் மேல் கையை வைத்தேன். ஹம் வரும் வரைக்கும் எடுக்கவில்லை.