பேரனுக்குக் கோணல் மூக்கு என்று பெயர்

போன வாரம் வேப்பந்தட்டையில் என் லோடு வண்டியில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டிருந்தேன். செந்துறையிலிருந்து மச்சினன் போன் செய்தான்.

"மாமா, பேரன் பேருக்கு அர்த்தம் பாத்தீங்களா?"

"இல்ல."

"கோண மூக்குன்னு நெட்ல போட்டிருக்கு மாமா!"

பேரன் பிறந்தது ஸ்காட்லாந்தில். என் மகளும் மருமகனும் அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை ஏழாம் மாசமே வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். மூச்சை மெஷின்தான் பார்த்துக்கொள்கிறது. இதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிறந்து தங்கவில்லை.

பெயர் கேமரன். அந்த ஊர்ப் பெயர்.

பெரம்பலூரில் டீக்கடைக்காரர் கேட்கிறார் — "என்னண்ணே, கேமராவா? அடுத்ததுக்கு ட்ரைபாடா?" சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் யார் சிரிப்பது?

"உசுருக்குப் போராடுற புள்ளைக்கு இப்படியா பேரு வைப்பா?" மனைவி அழுதுகொண்டே கத்தினாள். "ஆயுசுன்னு அர்த்தம் வர்றாப்ல ஒண்ணு கெடைக்கலியா அவளுக்கு?"

மச்சினன் அதற்குள் ஜோசியரைப் பிடித்துவிட்டான். பெயரை மாற்றினால்தான் பிள்ளை தங்குமாம்.

பெயருக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாது. பயம் வந்தால் கை எதையாவது பிடிக்கப் பார்க்கிறது... எங்கள் கைக்கு அகப்பட்டது பெயர்.

மகளைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினாள்.

"பேர மாத்தச் சொல்றாங்கம்மா."

"ஏம்ப்பா?"

"கோண மூக்காம்."

"தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."



"உங்க பேரு என்னப்பா?" என்றாள்.

மூக்கன். பத்திரிகையில் இந்தப் பத்திக்கு மேலே அந்தப் பெயரை வாராவாரம் பார்க்கிறீர்கள். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. அதனால் என் மூக்கைக் குத்தி மூக்கன் என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். அழகான பெயர் என்றால் எமன் திரும்பிப் பார்ப்பான். மூக்கன், குப்பை, பிச்சை என்றால் வேண்டாம் என்று போய்விடுவான்.

"இங்க மூக்குக் குத்த விட மாட்டாங்கப்பா. அதான், மூக்குன்னு வர்ற பேரு இருக்கான்னு கூட வேலை பாக்குற அக்காகிட்ட கேட்டேன். உங்களுக்குப் பலிச்சுதுல்ல?"

"ம்."

எந்தக் குழாய் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மெஷின் கத்தினால் என்ன அர்த்தம் என்று தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் பயம் கூடுதல் போலிருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத மொதல்லயே சொன்னா என்னவாம் அவளுக்கு?" என்றாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "ஜோசியரும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா. கேமரனே இருக்கட்டும்."

நேற்று மகள் வீடியோ அனுப்பினாள். மூச்சு மெஷின் குழாயை எடுத்துப் பார்க்கிறார்களாம். கொஞ்ச நேரத்துக்குத்தான். தாங்கவில்லை என்றால் மறுபடி மாட்டிவிடுவார்களாம்.

மச்சினன் வந்திருந்தான். மனைவியும் அவனும் போனில் முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"மூக்கு நேராத்தாங்க்கா இருக்கு!"

"உங்க மாமா மூக்குடா அது!"

அவர்கள் மூக்கைப் பார்த்தார்கள். நான் நெஞ்சைப் பார்த்தேன்.

ஏறியது. இறங்கியது... மறுபடி ஏறியது.